ஆரப்பாளையத்தில் ஒரு சீன சூப்புச் சட்டி

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருக்களில் இருட்டுகிற நேரத்தில் நடந்தால், ஃபிரைடு ரைஸ் வண்டிகளின் கரண்டிச் சத்தம் காதில் விழாமல் வீடு வந்து சேர முடியாது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சீனச் சாப்பாடு என்றால் அந்த வண்டிதான்: சிக்கன் ரைஸ், கோபி மஞ்சூரியன், முட்டை நூடுல்ஸ். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம் நாக்குக்குத் தக்கபடி வளர்த்தெடுத்த சமையல் அது. சிக்கன் மஞ்சூரியனை 1975-இல் பம்பாயில் முதலில் செய்தவர் நெல்சன் வாங் என்பார்கள். அவரும் கல்கத்தாவில் பிறந்த சீனர்தான். ஆனால் ஒரு சீனக் குடும்பம் தன் வீட்டில் அன்றாடம் உண்பது வேறு. அதில் மஞ்சூரியனும் இல்லை, சிவப்புக் கலர் பொடியும் இல்லை. ராத்திரிக்குச் சோறு, ஆவியில் வெந்த மீன் அல்லது முட்டை, ஏதாவது ஒரு கீரை, கூடவே ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப். அந்த சூப்புக்குள்தான் அவர்களுடைய மூலிகைகள் இருக்கின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது சிங்கப்பூரில், ஒரு கேண்டனீஸ் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்த காலத்தில். வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பாட்டியைப் 'போபோ' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். போபோவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், மலாய் கொஞ்சம்; எனக்கும் அவ்வளவுதான். ஆனால் அடுப்படியில் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. ஒரு வேரை எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டுவார். முகர்ந்து பார்த்து, ஓரத்தைக் கடித்துப் பார்த்த பிறகுதான் அது சட்டிக்குள் போகும். பெயரைப் பிறகு சொல்லுவார். மூலிகைகளை இந்த வரிசையில் கற்பதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்: முதலில் பார்வை, அப்புறம் வாசனை, அப்புறம் ருசி, கடைசியாகப் பெயர். பெயர்கள் ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும். அதைப் பிறகு சொல்கிறேன்.

லீவு நாளில் நான் சைனாடவுனில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1827-இல் தொடங்கிய கோயில். அதே ரோட்டில்தான் யூ யான் சாங் மருந்துக் கடையும் இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோப்பெங் என்ற ஈயச் சுரங்க ஊரில் 1879-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. சுரங்கத்தில் வேலை செய்த சீனக் கூலிகள் அபினைத் தவிர வேறு மருந்து அறியாமல் கிடந்தபோது, அவர்களுக்கு மூலிகை கொடுக்க ஆரம்பித்தார்கள் என்பது அதன் கதை. போபோ ஒரு துண்டுச் சீட்டில் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். கோயிலில் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்து மருந்துக் கடை ஒன்றில் சீட்டை நீட்டுவேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். எடை இன்னமும் தாஹில் கணக்கில், ஒரு தாஹில் ஏறக்குறைய 38 கிராம். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நின்று பழகியவளுக்கு அந்த வாசனையும் இழுப்பறையும் அந்நியமாகவே தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, சீனச் சமையல் கற்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் காட்டுவது ஃபிரைடு ரைஸ் அல்ல, நாட்டுக்கோழி சூப். காரணம் உண்டு. வாணலியில் கிளறும் சமையலுக்கு நம் வீட்டு கேஸ் அடுப்பின் தீ போதாது; அதைச் சமாளிக்கக் கைப்பழக்கம் வேண்டும். சூப்புக்குப் பொறுமை மட்டும் போதும். கூடவே, மூலிகை என்பது எவ்வளவு குறைவாகப் போட வேண்டிய சாமான் என்பதும் அதில் கைக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரு கிலோ நாட்டுக்கோழி. தோலை உரித்துப் பெரிய துண்டாக வெட்டச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கி மேலே வரும். ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கறியைக் குழாயடியில் காட்டி எலும்பு இடுக்கில் ஒட்டிய ரத்தக் கட்டியை விரலால் தள்ளிக் கழுவ வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பதறுவார்கள். "சத்தெல்லாம் போயிருமே மதினி!" என்று பக்கத்து வீட்டுப் பெண் என் கையையே பிடித்தாள். போவது ரத்தமும் நுரையும் கவிச்சியும்தான். நாம் மஞ்சளும் மிளகும் போட்டு அடக்குகிற கவிச்சியை அவர்கள் கழுவியே எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் மசாலா இல்லாமலே அந்த சூப்பைக் குடிக்க முடிகிறது.

அடுத்து மண்சட்டியில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கழுவிய கறி, தட்டிய இஞ்சி மூன்று துண்டு, விதை எடுத்த சிவப்புப் பேரி (சீன இலந்தை) ஆறேழு, டாங் ஷென் வேர் 15 கிராம், ஹுவாங் சி வேர்ச் சீவல் 10 கிராம். பத்து நிமிடம் நல்ல தீ. அதன் பிறகு தண்ணீர் ஓரத்தில் மட்டும் முணுமுணுக்கிற அளவுக்கு சிம்மில் இரண்டு மணி நேரம். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, நடுவில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் ஒரு மேஜைக்கரண்டி கோஜி பெர்ரி. முன்பே போட்டால் கரைந்து புளிப்பு இறங்கிவிடும். உப்பு கடைசியில். கேஸ் செலவை நினைத்தால் குக்கரில் ஒரு விசில் வந்ததும் சிம்மில் அரை மணி வைக்கலாம். மண்சட்டியின் தெளிவு வராது, ருசி ஏறக்குறைய வந்துவிடும்.

முதல் வாய் குடித்த யாரும் மதுரையில் உடனே பாராட்ட மாட்டார்கள். உறைப்பு எங்கே என்றுதான் கேட்பார்கள். அதற்கும் அந்த வீட்டில் வழி இருந்தது. சூப்பில் கை வைக்க மாட்டார்கள். ஒரு சின்னத் தட்டில் சோயா சாஸ் ஊற்றி, பச்சைமிளகாயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, சூப்பிலிருந்து எடுத்த கறியை அதில் தொட்டுக்கொள்வார்கள். சூப்பு சூப்பாகவே இருக்கும், நாக்குக்கும் உறைப்பு கிடைக்கும். என் வீட்டுக்காரர் இந்தத் தட்டு இருந்தால்தான் உட்காருவார்.

இந்தச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பேரியை நம் ஆட்கள் பேரீச்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பேரீச்சை அல்ல. இலந்தைக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாக, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். அதற்குப் பதில் பேரீச்சம்பழம் போட்டால் சூப் பாயசமாகிவிடும். விதை இருந்தால் உடம்புக்குச் சூடு என்று போபோ சொல்லுவார். எடுத்துவிட்டால் இனிப்பும் நன்றாக இறங்குகிறது. டாங் ஷென் பென்சில் தடிமனில் சுருக்கம் விழுந்த வேர், கடித்தால் மெல்லிய இனிப்பு. விலை கூடிய ஜின்செங்குக்குப் பதிலாக வீடுகளில் அன்றாடம் புழங்குவது இதுதான். ஹுவாங் சி மஞ்சள் பூத்த நீளச் சீவல். பயறு வகைக் குடும்பத்துச் செடி என்பதால் பச்சைப் பயறின் வாசம் அடிக்கும். இரண்டும் நார், வாசம் இறங்கியதும் வெளியே எடுத்துப் போட்டுவிடலாம்.

கோஜியும் சிவப்புப் பேரியும் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். கோஜி கண்ணைப் பறிக்கிற சிவப்பாக இருந்தாலோ, பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் சுருக்கென்று புளிப்பு ஏறினாலோ கந்தகப் புகை காட்டியிருக்க வாய்ப்பு உண்டு. சூப்பில் சேர்க்கும் காய்ந்த சீனவள்ளிக் கிழங்குச் சீவல் சுண்ணாம்பு வெள்ளையில் இருந்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும். இயல்பான சீவல் கொஞ்சம் பழுப்பேறித்தான் இருக்கும். மதுரை வெயிலில் இவற்றை அலமாரியில் வைத்தால் கோஜி கறுத்துப்போகும், பேரியில் வண்டு விழும். கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐப்பசி மழையில் வேர்களில் பூஞ்சை பூத்துவிட்டால் வெயிலில் காயவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம், கொட்டிவிடுங்கள். விலையைப் பார்க்க வேண்டாம்.

நம் ஊரிலேயே இருப்பவை எத்தனை என்று பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தாமரை விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வடநாட்டு மக்கானா பொரிக்கப்படாமல் இருந்தால் அதுவே சீன சூப்பில் போகிற சியான் ஷி. அவர்கள் பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டுக் கறியை சோயா சாஸில் வேகவைக்கிறார்கள். நாம் பிரியாணிக்குப் போடுகிற அதே சாமான். அன்னாசிப்பூவை மட்டும் பொடியாக வாங்காதீர்கள். ஜப்பானில் விளையும் நஞ்சுள்ள ஒரு இனம் பார்வைக்கு அப்படியே இருக்கும். முழுப் பூவாக, தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. பச்சை இஞ்சியையும் சுக்கையும் அவர்களும் இரண்டு வேறு மருந்தாகத்தான் வைத்திருக்கிறார்கள். பச்சை இஞ்சி சளிக்கும் வாந்திக்கும், சுக்கு வயிற்றுக் குளிர்ச்சிக்கு. சுக்குக் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஆரஞ்சுத் தோலை நீங்களே தயாரிக்கலாம். சீனாவில் குவாங்டோங் மாநிலத்து சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் பேர். மூன்று வருடமாவது பழுக்கப் போட்ட பிறகே அதை சென் பி என்று மதிக்கிறார்கள். நான் பழனிமலைப் பக்கத்துக் கமலா ஆரஞ்சு வரும் பருவத்தில் தோலை எடுத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, மொட்டைமாடியில் காயவைக்கிறேன். மருந்தடித்த பழம் என்று சந்தேகம் இருந்தால் அந்தத் தோல் வேண்டாம். கட்டைவிரல் அகலத் துண்டு ஒன்று போதும், ஒரு சட்டி பாசிப்பயறுக் கஞ்சி மணத்துவிடும்.

ஒரு நாள் கீழமாசி வீதிப் பக்கத்து அண்ணாச்சியிடம், சீனாவிலிருந்து வந்த வேர் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். யோசிக்காமல் பறங்கிப்பட்டையை எடுத்துப் போட்டார். "இது அந்தக் காலத்துலயே சீனாவுலருந்து கப்பல்ல வந்தது தாயி" என்றார். அவர் சொன்னது சரி. கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்தா 1563-இல் அச்சிட்ட மருந்து நூலில் இந்தச் சீன வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். சித்த வைத்தியம் அதைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது; தோல் நோய்க்குப் பறங்கிப்பட்டைச் சூரணம் இன்றும் கொடுக்கிறார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த து ஃபு லிங் கிழங்கைக் கேண்டனீஸ் வீடுகளில் புழுக்கமான மாதங்களில் எலும்பு சூப்பில் போடுகிறார்கள். சீன மூலிகை என்று ஏதோ புதிதாக இறக்குமதி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது நானூற்றைம்பது வருடமாக நம் கடையிலேயே கிடப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆட்டுக்கறி ஊருக்கு ஏற்ற ஒரு சூப்பும் இருக்கிறது. சாங் சோங்சிங் என்ற வைத்தியர், ஹான் பேரரசு முடிகிற காலத்தில், ஏறக்குறைய 1,800 வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்தது. சாமான் மூன்றே மூன்று: டாங் குய் வேர், பச்சை இஞ்சி, ஆட்டுக்கறி. விகிதம் 3-க்கு 5-க்கு 16. பிள்ளை பெற்ற பெண்ணின் அடிவயிற்று வலிக்கும் குளிர்ச்சிக்கும் சொன்ன மருந்து அது. பேறுகால வீட்டில் சுக்கும் பூண்டும் நல்லெண்ணெயும் மணக்க வளர்ந்த எனக்கு, போபோ இதைச் செய்துகாட்டியபோது எங்கள் அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. டாங் குய் எண்ணெய்ப் பசையுள்ள வேர். வெந்நீரில் பட்டதும் ஓமமும் கருகிய வெல்லமும் கலந்த மாதிரி ஒரு கனத்த வாசம் கிளம்பி வீடு முழுக்க நிற்கும். அடியில் லேசான கசப்பு. வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்தப் பழைய விகிதம் வேண்டவே வேண்டாம். அரைக் கிலோ கறிக்கு ஐந்து கிராம், அதாவது மெல்லிய சீவல் இரண்டு மூன்று, போதும். இஞ்சியைத் தாராளமாகப் போடலாம். கறியை முதலில் கொதிநீரில் காட்டிக் கழுவிவிட்டு, ஒன்றரை மணி நேரம் சிம்மில் வைத்தால், நெஞ்செலும்பு சூப் குடித்துப் பழகியவர்கள் இதை எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். மிளகுத்தூள் தூவிக்கொள்ளலாம், சீனர்களும் மிளகு போடுகிறவர்கள்தான்.

ஆனால் டாங் குய் எல்லோருக்கும் ஆகாது. கர்ப்பிணிகள் தொடக் கூடாது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற இருதய நோயாளிகள் எல்லோருமே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கோஜி கூட வேண்டாம். ஹுவாங் சி உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு ஆகாது. அதிமதுரத்தை நாள்தோறும் கொதிக்கவைத்துக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இது சீன அதிமதுரத்துக்கும் நம் கடை அதிமதுரத்துக்கும் பொது. வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ சளியோ வந்துவிட்டால் போபோ இந்த வேர்கள் அத்தனையையும் நிறுத்திவிடுவார். வெறும் கஞ்சிதான், உடம்பு சரியாகும் வரை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. சத்து ஏற்றுகிறேன் என்று காய்ச்சல்காரரின் வாயில் கண்டதையும் ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

எங்கே உணவு முடிகிறது, எங்கே மருந்து தொடங்குகிறது என்பதில் சீன அரசாங்கமே ஒரு கோடு போட்டிருக்கிறது. உணவாகவும் மருந்தாகவும் புழங்கலாம் என்று 2002-இல் 87 பொருட்களுக்குப் பட்டியல் வெளியிட்டார்கள். இஞ்சி, கோஜி, சிவப்புப் பேரி, தாமரை விதை, ஆரஞ்சுத் தோல், அதிமதுரம் எல்லாம் அதில் உண்டு. 2019-இல் மஞ்சளும் திப்பிலியும் டாங் குய்யும் சேர்ந்தன, அதுவும் மசாலா அளவில் மட்டும். டாங் ஷென்னும் ஹுவாங் சியும் 2023-இல்தான் உள்ளே வந்தன. நூற்றுக்கணக்கான வருடமாகச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த வேரையே இத்தனை தயங்கித்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேல் மூலிகைகள் அவர்கள் மருந்து நூல்களில் உள்ளன. லி ஷிசென் எழுதி 1596-இல் அச்சான பெருநூலில் மட்டும் 1,892 பொருட்கள். அத்தனையும் சூப்பில் போவதற்கு அல்ல. சமைக்கிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். மிச்சம் படித்த வைத்தியர்களுக்கு உரியது.

பெயர் ஏமாற்றும் என்று சொன்னேன் அல்லவா? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க மருந்து கொடுத்த ஒரு மையத்தில், ஃபாங் சி என்று முடியும் இரண்டு சீன வேர்களில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. கலந்த வேர் அரிஸ்டலோகியா என்ற செடியினுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது. அது எங்கேயோ நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. நம் மதுரைச் சமவெளியின் கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து கிடக்கிற ஆடுதின்னாப்பாளை அதே அரிஸ்டலோகியா இனம்தான். ஈஸ்வரமூலியும் அதே. நாட்டுச் செடி, பக்கவிளைவு கிடையாது என்று யாராவது பொடித்துக் கொடுத்தால் தயவுசெய்து விழுங்காதீர்கள். ஃபு சி என்ற இன்னொரு சீன வேர் இருக்கிறது. நம் வைத்தியர்கள் நாபி என்று அறிந்திருக்கும் நஞ்சின் இனத்தது. முறையாகச் சுத்தி செய்து நீண்ட நேரம் கொதிக்கவைக்காவிட்டால் இருதயத்தை நிறுத்திவிடும். சீனாவிலும் ஹாங்காங்கிலும் இதைக் குடித்து உயிர்விட்டவர்கள் உண்டு. அடுப்படியில் அதற்கு இடமே இல்லை.

ஆரப்பாளையத்தில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி, "ஜின்செங்குக்குப் பதிலா அமுக்கரா போடலாமாக்கா?" என்பது. போட வேண்டாம். இரண்டும் வேறு குடும்பச் செடி, வேறு குணம், வேறு ருசி. ஒரு மூலிகை கிடைக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டுச் சமையுங்கள். இஞ்சியும் கோழியும் நல்ல தண்ணீரும் இருந்தாலே அது சூப்புதான். சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

மூலிகை இல்லாத சமையலில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, மீன். இட்லிச் சட்டியை வைத்திருக்கிற நமக்கு ஆவியில் மீன் வேகவைக்கத் தனிப் பாத்திரமே தேவையில்லை. அரைக் கிலோ ஜிலேபிக் கெண்டையை முழுதாகக் கீறி, வயிற்றில் இஞ்சியை அடைத்து, தட்டில் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே உள்ளே வையுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம். தட்டில் ஊறி நிற்கும் நீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும், கவிச்சி அத்தனையும் அதில்தான் இருக்கும். நூலாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மேலே போட்டு, புகை வரக் காய்ந்த கடலை எண்ணெய் இரண்டு கரண்டியை அதன் தலையில் ஊற்றினால் சுர்ரென்று பொரிந்து மணம் எழும். கடைசியாக இரண்டு ஸ்பூன் லைட் சோயா சாஸ். கறுப்பாகக் கெட்டியாக இருக்கும் டார்க் சாஸ் இதற்கு ஆகாது, அது நிறத்துக்கு. நம் செக்கு நல்லெண்ணெயைச் சீன எள்ளெண்ணெய்க்குப் பதிலாக ஊற்றவும் முடியாது. அவர்களுடையது வறுத்த எள்ளில் ஆட்டியது, கடைசியில் சொட்டு விடுவதற்கு.

இன்னொன்று, வாணலி. வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்டிக் கிண்ணங்களில் வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இரும்புச் சட்டி புகைய வேண்டும். நான்கு பேருக்கான சோற்றை ஒரே தடவையில் கொட்டினால் சூடு இறங்கி, சோறு வெந்து குழையும். இரண்டு பேர் அளவாகப் பிரித்துக் கிளறுங்கள். முந்தின நாள் ஆறவைத்த பொன்னிச் சோறுதான் சரி.

சித்திரை, வைகாசியில் வைகை மணல் காய்கிற நாட்களில் கோழியும் வேரும் எங்கள் வீட்டில் கிடையாது. உடம்பு கொதிக்கிற காலத்தில் போபோ வீட்டிலும் அவை வராது. அப்போது வெண்பூசணிதான். நாம் திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே காய், அங்கே வெயில்கால சூப்பின் முதல் சாமான். சைவக்காரர்களுக்கும் ஏற்ற சூப் இது. ஒரு கிலோ காயைத் தோல் சீவி, பெரிய கட்டமாக வெட்டித் தனியே வைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி பார்லியையும் உசிலம்பட்டிப் பக்கத்து வேர்க்கடலை ஒரு கைப்பிடியையும் முன்பே ஊறவைத்து, நாலு சிவப்புப் பேரி, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலோடு இரண்டு லிட்டர் தண்ணீரில் வையுங்கள். கடலை பூவாக வெந்ததும் காயைப் போட்டு இருபது நிமிடம், காய் கண்ணாடியாக மாறினால் இறக்கி உப்புப் போடலாம். இளஞ்சூட்டில் குடிப்பதுதான் நல்லது. மீந்ததை வெளியே வைத்தால் அந்த வெயிலில் மாலைக்குள் நொதித்துவிடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும்.